ஏழாம் நம்பர் நாற்றம்

என் மைத்துனர் வாசனை செய்கிறவர். நான் நாற்றம் செய்கிறவன். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடி. அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் கேன் மட்டும் இருக்கிறது.

அவர் வேலையைச் சொன்னால் யாருக்கும் உடனே புரிந்துவிடும். என் வேலைக்குத்தான் விளக்கம் கேட்பார்கள், அதுவும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு. வீட்டுக்குள் அடிக்கிற ரூம் ஸ்பிரேயைச் செய்துவிட்டால் மட்டும் போதாது. அது கெட்ட நாற்றத்தை அடக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடக்குவதற்கு முதலில் நாற்றம் என்று ஒன்று வேண்டும் அல்லவா? அதுவும் தினமும் ஒரே மாதிரி வேண்டும். இன்றைக்கு அழுகிய முட்டைக்கோஸ் நேற்று அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி நாறாது. ஆகவே நான் மருந்துகளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, நாற்றத்தைப் பாட்டிலில் அடைத்து, நம்பர் ஒட்டி வைக்கிறேன். ஒன்றாம் நம்பர், கழிவறை. இரண்டு, நேற்று பொரித்த மீன். மூன்று, காயாத துணி. நான்கு, சிகரெட். ஐந்து, குப்பைத்தொட்டி. ஆறு, மழையில் நனைந்த நாய். ஏழு, ஷூவிலிருந்து வெளியே வந்த கால்.

மற்ற ஆறையும் மாதிரி வைத்துச் செய்தேன். ஆறாம் நம்பருக்காக ஒரு நாயை மூன்று நாள் பின்தொடர்ந்து கடி வாங்கியவன் நான். ஆனால் ஏழாம் நம்பர் அப்படி வந்ததல்ல. கல்யாணமான இரண்டாம் வருடம், ஒரு மத்தியான வேளையில், எதையும் மோந்து பார்க்காமல் என் தலைக்குள்ளிருந்து அப்படியே வந்தது. அதில் ஒரு புளிப்பு உண்டு, ஈர ரப்பர் உண்டு, பழைய மண் உண்டு, கடைசியில் மூக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு பாலாடைக் கட்டித்தனம் உண்டு. அன்றைக்கு எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நாற்றத்தாலும்தான், பெருமையாலும்தான். பதிவேட்டில் 'மூலம்' என்கிற கட்டத்தில் மற்ற ஆறுக்கும் மீன், நாய் என்று எழுதியிருக்கும். ஏழுக்கு நேரே மட்டும் 'சொந்தக் கற்பனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மைத்துனர் என்றால் என் மனைவியின் அண்ணன். தங்கையைக் கொடுத்த வீட்டார் என்ற முறையில் வீட்டில் எனக்கு மிகுந்த மரியாதை தருவார். கம்பெனியில் அந்த மரியாதையைத் தண்ணீர் கேனுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வருவார். அவர் செய்கிற ஒவ்வொரு ஃபார்முலாவுக்கும் ஒரு பெயர் வைப்பார். 'முதல் தூறல்' என்பார், 'விடியலின் ஜன்னல்' என்பார். இந்த வருடத்துப் பெயர் 'வெள்ளைக் கைக்குட்டை'. ஷூ அலமாரிக்காகவே செய்த ஸ்பிரே அது. அதாவது, அது என் ஏழாம் நம்பரோடு மோதி ஜெயிக்க வேண்டும்.

மோதல் நடப்பது சோதனைக் கூண்டில். ஓர் ஆள் நிற்கிற அளவு தகர அறை, கதவில் மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு சிறிய ஜன்னல். உள்ளே என் நாற்றத்தைப் பத்துச் சொட்டு வைப்போம். மைத்துனரின் ஸ்பிரேயை மூன்று தடவை அடிப்போம். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, மூக்குக் குழுவைக் கூப்பிடுவோம். ஆறு பேர் கொண்ட குழு. சோதனை நாளில் அவர்கள் வெங்காயம் சாப்பிடக் கூடாது, சென்ட் பூசக் கூடாது, கூண்டருகே ஒருவரோடொருவர் பேசவும் கூடாது. ஒவ்வொருவராக ஜன்னலைத் திறந்து மோந்து, எவ்வளவு நாற்றம் மிச்சம் என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். இதில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் உண்டு. முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்திய கை. தப்பித் தவறிக்கூட அரை மார்க் கூடுதலாகப் போட மாட்டார்.

வெள்ளைக் கைக்குட்டை ஒன்பது தடவை கூண்டுக்குள் போனது. ஒன்பது தடவையும் கசங்கித்தான் வெளியே வந்தது. ஒன்பதாவது தடவை டீச்சர் தாளில் மார்க்குக்குப் பக்கத்தில் 'முன்பு கால் மட்டும் நாறியது, இப்போது காலில் பூ வைத்துக்கொண்டு நாறுகிறது' என்று எழுதிவிட்டார். நான் அந்தத் தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். தேவைப்படும் என்று இல்லை, ஆசைக்கு.

அதற்கு மறுநாள்தான் மைத்துனர் மேனேஜரிடம் போனார். எங்கள் மேனேஜர் ஐம்பது வயது அம்மா. சத்தம் போட மாட்டார். குரல் தணியத் தணியத்தான் நாங்கள் பயப்படுவோம். என்னையும் கூப்பிட்டார்கள்.

"மேடம், குறை என் ஸ்பிரேல இல்ல. நாத்தத்துல இருக்கு," என்றார் மைத்துனர். "உலகத்துல எந்த வீட்டுலயும் ஒரு கால் இப்படி நாறாது. இது மாப்பிள்ளையோட கற்பனை. அவரே பதிவேட்டுல எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை இதுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கற்பனைன்னா பொய்யின்னு அர்த்தமா மச்சான்? உங்க விடியலின் ஜன்னல் எந்தச் சுவத்துல இருக்கு, காட்டுங்க பார்ப்போம்."

"பாத்தீங்களா மேடம், பதில் சொல்ல முடியலைன்னா பேச்சை மாத்துறாரு."

மேனேஜர் குரலைத் தணித்தார். "வெளிநாட்டுல இருந்து ரெடிமேட் நாத்தம் வருது. சின்ன பாட்டில், சான்றிதழோட. அதை வாங்கிட்டா இந்த வம்பே இல்ல. உங்க அறையை ஸ்டோர் ரூம் ஆக்கிடலாம், நீங்க பேக்கிங்ல மூடி சரியா இருக்கான்னு பார்க்கலாம். ஆனா பன்னெண்டு வருஷமா வேலை பார்க்கிறீங்க. ஒரு வாய்ப்பு தரேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள, ஏழாம் நம்பர் மாதிரியே நாறுற ஒரு நிஜ வீட்டைக் காட்டுங்க. மூக்குக் குழு பத்துக்கு ஏழு கொடுத்தா உங்க அறை உங்களுக்கு."

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம். உள்ளே வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், பேச வேண்டியதைச் சுருக்கமாகப் பேசிவிட்டு ஓடிவிடுவார்கள். அப்படிப்பட்ட அறையை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் மூடி திருகிப் பார்ப்பதா? அன்று மாலை என் ஏழு பாட்டில்களையும் துடைத்து வரிசையாக வைத்தபோது அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

முறை எனக்குத் தெரியும், அதை எழுதியவனே நான். வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை ஒரு நாள் முழுக்க அந்த வீட்டில் தொங்கவிட்டு, எடுத்துக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூட வேண்டும். துணி நாற்றத்தைக் குடித்துக்கொள்ளும். ஐந்து ஜாடி வேண்டும். நான்கு, நாறும் என்று நம்புகிற இடங்களிலிருந்து. ஐந்தாவது, நாற்றமே இல்லாத இடத்திலிருந்து. அதற்கு 'வெறும் ஜாடி' என்று பெயர். குழுவின் மூக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கவே அது. வெறும் ஜாடி ஒரு மார்க்குக்கு மேல் வாங்கினால் சோதனையே செல்லாது.

நாறும் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம் என்றுதான் நினைத்தேன். உலகத்தில் கால்களுக்கா பஞ்சம்? ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். நாற்றம் பிடிக்க ஆள் வருகிறான் என்று தெரிந்தால் எவனும் வீட்டை நாற விட்டு வைக்க மாட்டான்.

முதலில் கால்பந்துக் கோச்சின் வீடு. பதினோரு பேரின் சாக்ஸ் அங்கேதான் மலைபோலக் குவிந்திருக்கும். நான் போனபோது அத்தனையும் துவைத்துக் கொடியில் வெள்ளைவெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க வர்றீங்கன்னு சொன்னீங்க. மானம் போயிடுமேன்னு காலையில அஞ்சு மணிக்கே எழுந்து துவைச்சேன்," என்றார் கோச். இந்த சீசனிலேயே இப்போதுதான் துவைத்தாராம்.

அடுத்து, கல்யாணமாகாத ஆறு பேர் சேர்ந்து குடியிருக்கும் இரண்டு அறை வீடு. கதவைத் திறந்ததுமே எனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் கம்பெனி ஸ்பிரேயையே நான்கு டப்பா காலி செய்திருந்தார்கள். 'முதல் தூறல்' உள்ளே அடைமழையாகப் பெய்துகொண்டிருந்தது.

மூன்றாவது, செருப்புத் தைப்பவரின் வீடு. வாசலிலேயே அவர் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எங்க வீடு நாறுதுன்னு யாரு உங்ககிட்ட சொன்னது? பேரைச் சொல்லுங்க முதல்ல."

"யாரும் சொல்லலைம்மா. நானாத்தான்…"

"நீங்களாத்தானா? அப்ப உங்க மூக்கைத்தான் கழுவணும்."

துணியை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு ஓடிவந்தேன். கடைசியாக ஜிம் நடத்துகிறவரின் மாடி வீடு. அங்கே மட்டும் கொஞ்சம் வியர்வை வாடை இருந்தது. ஆனால் அது நேர்மையான, காற்றோட்டமான வியர்வை. ஏழாம் நம்பரின் வாசற்படியைக்கூட அது தொடாது.

நான்கு ஜாடிகளையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோற்றுவிடுவேன் என்பது எனக்கே தெரிந்தது. அப்போது ஒரு கெட்ட எண்ணமும் வந்தது, ஒளிப்பானேன்? ஏழாம் நம்பர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஜிம் ஜாடிக்குள் ஒரே ஒரு சொட்டு விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மூடியைத் திறந்தும் விட்டேன். ஆனால் கணக்கு டீச்சரின் முகம் ஞாபகம் வந்தது. காப்பியடித்த விடைத்தாளை மோந்தே கண்டுபிடிக்கிறவர். மூடிவிட்டேன்.

வெறும் ஜாடி மட்டும் பாக்கி. அதற்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. என் வீடு இருக்கிறது.

என் மனைவி ஒரு நாளைக்கு மூன்று தடவை தரை துடைப்பவள். அது அவளுடைய அப்பா வீடு. கல்யாணத்துக்குப் பின் நான் அங்கே குடிவந்தேன், மைத்துனர் தன் குடும்பத்தோடு வேறு வீடு போனார். ஞாயிறு தவறாமல் இன்னும் வந்துவிடுவார். வேலையிலிருந்து வந்ததும் நான் பின்பக்கமாகப் போய் மூன்று தடவை சோப்பு போட்டுக் குளித்த பிறகுதான் அவள் என்னைக் கூடத்துக்குள் விடுவாள். இவ்வளவு இருந்தும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் டீ ஆறுவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். பக்கத்துப் போர்ஷனில் எங்களிடம் வாடகைக்கு இருப்பவர் வாடகைத் தகராறு பேச வந்து, கேட்ட வாடகையை ஒத்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் எழுந்து போயிருக்கிறார். எல்லாம் என் தொழிலால் வந்த கெட்ட பெயர் என்று நினைத்து, அவளுக்காக நான் வருத்தப்படுவேன்.

"இந்தத் துணியை நம்ம வீட்டுல ரொம்ப சுத்தமான இடமாப் பார்த்து ஒரு நாள் தொங்கவிடு," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கம்பெனிலயே நம்ம வீட்டைத்தான் சுத்தத்துக்கு எடுத்துக்கிறாங்களா?"

"வேற எந்த வீட்டை எடுப்பாங்க?"

எங்கே தொங்கவிட்டாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் ஜாடியில் போட்டு, மூடி, துணி சுற்றிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேனேஜரே ஐந்து ஜாடிகளுக்கும் குறியெண் ஒட்டினார். எது யார் வீடு என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டிவிட்டார். புகார் சொன்னவர் என்ற முறையில் உறையை மைத்துனர்தான் பிரிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஏழாம் நம்பரைத் தனி ஜாடியில் முன்னால் வைத்தோம். ஒவ்வொரு ஜாடியும் இதற்கு எவ்வளவு பொருந்துகிறது என்று குழு பத்துக்கு மார்க் போட வேண்டும்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் ஜாடிக்குச் சுழியம். இரண்டாவதுக்கும் சுழியம். மூன்றாவதுக்கு அரை. நான்காவதுக்கு இரண்டரை, அது ஜிம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கதை முடிந்தது என்று மூடி திருகுவது போல் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது ஜாடியைத் திறந்த தையல்காரர், குழுவிலேயே அமைதியான மனிதர், பின்வாங்கித் தண்ணீர் கேனில் மோதிக்கொண்டார். அடுத்தவர் கண்ணைத் துடைத்தார். கடைசியாக டீச்சர் வந்தார். ஐந்தாவதை மோந்தார், ஏழாம் நம்பரை மோந்தார், மறுபடி ஐந்தாவதை மோந்தார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக மார்க்கில் தாராளம் காட்டினார். சராசரி ஒன்பதரை.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் டீச்சர். "சொல்லப்போனா, அஞ்சாவதுதான் அசல். உங்களுது அதைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு."

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் என்ன ஜெயித்தேன் என்று புரியவில்லை. மைத்துனர் முகம் சுண்டிப்போய் உறையைப் பிரித்தார். படித்தார். திரும்பப் படித்தார். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"மேடம், அஞ்சாவது வெறும் ஜாடி. மாப்பிள்ளை வீடு. வெறும் ஜாடி ஒரு மார்க்குக்கு மேல வாங்கினா சோதனை செல்லாது. அவரே எழுதின விதி." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அதாவது… என் தங்கச்சி வீடு."

"செல்லாதுங்கிறது சரி," என்றார் மேனேஜர், மிகவும் தணிந்த குரலில். "ஆனா நான் கேட்டது ஒரே கேள்விதான். அப்படி நாறுற வீடு இருக்கா, இல்லையா? வாங்க, போய்ப் பார்த்துடலாம். டீச்சர், நீங்களும் வாங்க."

கம்பெனி வண்டியில் ஏறியதும் எனக்கு அறை போவதைவிட இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மூக்கால் கெட்டேன். பன்னிரண்டு வருடம் மூன்று வேளை தரை துடைத்தவளிடம் போய், உன் வீடு ஒன்பதரை வாங்கியிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

என் மனைவி பூரிப்போடு கதவைத் திறந்தாள். சுத்தத்துக்குப் பரிசு கொடுக்கத்தான் மேனேஜரே வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். "வாங்க வாங்க, உட்காருங்க. டீ போடறேன்," என்றாள்.

மேனேஜர் வாசற்படியிலேயே நின்று கைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். டீச்சர் மட்டும் தயங்கவில்லை. மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு, நேராகக் கூடத்தைக் கடந்து, சுவரோரம் இருந்த கண்ணாடி ஷோகேஸ் முன்னால் போய் நின்றார்.

"இதுதான்," என்றார்.

"அதுக்குள்ளதாங்க துணியைத் தொங்கவிட்டேன்," என்றாள் என் மனைவி. "வீட்டுலயே தூசி அண்டாத இடம் அது ஒண்ணுதான். சாவி என்கிட்டத்தான் இருக்கும். வாரம் ஒரு தடவை காத்தோட்டமா திறந்து வைப்பேன்."

மேல்தட்டில் கோப்பைகள், பதக்கங்கள், மைத்துனர் கல்லூரியில் ஓட்டப்பந்தயம் ஜெயித்தபோது எடுத்த படம். கீழ்த்தட்டில், சிவப்பு வெல்வெட் விரிப்பின் மேல், ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். பன்னிரண்டு வருடமாக அதைத் தினமும் பார்க்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

"மழையில ஓடினார் எங்க அண்ணன்," என்று அவள் டீச்சருக்கு விளக்கினாள். "சாக்ஸ்கூட இல்ல. வந்து கழட்டின கையோட வாங்கி உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். அம்மா கழுவச் சொன்னாங்க. ஜெயிச்ச மண்ணை யாராவது கழுவுவாங்களா? இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல."

பூட்டைத் திறந்தாள். வாசலில் நின்ற மேனேஜர் தெருவுக்கே இறங்கிவிட்டார். நான் குனிந்து மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மைத்துனரும் மோந்தார்.

"எனக்கு ஒண்ணுமே வரலையே மேடம்," என்றார் தெருப்பக்கம் பார்த்து. "வீட்டு வாசம்தான் வருது."

"ரெண்டு பேரும் வெளியே போங்க," என்றார் டீச்சர். "பத்து நிமிஷம் நல்ல காத்துல நில்லுங்க. அப்புறம் வந்து சொல்லுங்க."

கம்பெனியிலும் நாள் முழுக்க ஏழாம் நம்பரோடேயே கிடக்கிற மூக்குகள் எங்களுடையவை. பழகிய மூக்கைக் கழுவ அதுதான் வழி, குழுவுக்கு நானே சொல்லிக்கொடுத்த வழி. நாங்கள் இருவரும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன்கள் மாதிரி தெருமுனை மரத்தடியில் போய் நின்றோம். டீச்சர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மைத்துனர் என் பக்கம் திரும்பவே இல்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்து உள்ளே போனோம். வாசற்படி தாண்டியதுமே வந்தது. முதலில் புளிப்பு. பிறகு ஈர ரப்பர், பழைய மண். கடைசியில் அந்தப் பாலாடைக் கட்டித்தனம் மூக்கின் அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஏழாம் நம்பர். என் ஏழாம் நம்பர்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் அறை என்னுடையதுதான். அதே நொடியில் மனசு உடைந்தும் போனது. என் வாழ்க்கையிலேயே நான் சொந்தமாகச் செய்த ஒரே ஒரு காரியம் என்று நினைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் இந்தக் கூடத்தில் மூச்சு விட்டிருக்கிறேன், அது தானாக என் தலைக்குள் போய் உட்கார்ந்து, தானாகவே பாட்டிலுக்குள் இறங்கியிருக்கிறது. கற்பனையாவது, மண்ணாவது. நான் வெறும் நகல் எடுத்தவன். அசலைச் செய்தவர் என் பக்கத்தில் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"உலகத்துல எந்தக் காலும் இப்படி நாறாதுன்னு சொன்னீங்களே மச்சான்," என்றேன்.

"மாப்பிள்ளை, மெதுவா," என்றார் அவர்.

வாசற்படிக்குத் திரும்பி வந்த மேனேஜர் கைக்குட்டைக்குள்ளிருந்தே தீர்ப்புச் சொன்னார். "அறை உங்களுக்குத்தான். வெளிநாட்டு பாட்டில் வேண்டாம். ஆனா பதிவேடு சரியா இருக்கணும். நாளைக்கே மூலம்கிற கட்டத்தைத் திருத்தி, சம்பந்தப்பட்டவர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க."

சம்பந்தப்பட்டவர் என் கையைப் பிடித்தார். "கற்பனைன்னே இருக்கட்டுமே மாப்பிள்ளை. உங்க பேரே இருக்கட்டும். வெள்ளைக் கைக்குட்டையை நான் பத்தாவது தடவை சரி பண்ணிடறேன், இனிமே வாயே திறக்க மாட்டேன்." பன்னிரண்டு வருடத்தில் கம்பெனி விஷயத்துக்காக அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அதைக் கொஞ்ச நேரம் அனுபவித்தேன்.

அப்போதுதான் என் மனைவியைப் பார்த்தேன். டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நம்ம வீடு நாறுதாங்க?" என்றாள்.

என் அறையும் ஏழாம் நம்பரும் எக்கேடோ கெட்டுப்போகட்டும், இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"வீடு நாறலை," என்றேன். "வீட்டை நீ கண்ணாடி மாதிரிதான் வெச்சிருக்கே. ஷூ மட்டும்தான். உங்க அண்ணன் ஷூ."

அவள் தட்டை மேசையில் வைத்தாள். ஷோகேஸுக்குப் போய், ஷூக்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தூக்கி எறியப் போகிறாள் என்று மைத்துனரும் நினைத்திருக்க வேண்டும், வாசல் பக்கம் வழிவிட்டு நகர்ந்தார்.

"எத்தனை மார்க் வாங்கிச்சு?"

"ஒம்பதரை. பத்துக்கு."

"மொத்தம் எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்க?"

"அஞ்சு வீடு."

"ரெண்டாவதா வந்தது யாரு?"

"ஜிம்காரர் வீடு. ரெண்டரை."

அவள் வெல்வெட் விரிப்பை ஒரு தட்டுத் தட்டி, ஷூக்களை இருந்த இடத்திலேயே நேராக வைத்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அப்பவும் இப்படித்தான்," என்றாள். "எங்க அண்ணன் ஓடினா, ரெண்டாவதா வர்றவன் கண்ணுக்கே தெரியமாட்டான்."